ஒரு ஆள் ஜாஸ்தி

சிதம்பரம் தேர் வீதிகளில் வண்டி நிறுத்தத் தடை வந்த பிறகு, வெளியூர்க் கார்களெல்லாம் அந்தக் கட்டணப் பார்க்கிங்குக்குத்தான் வந்தன. பழைய குளம் ஒன்றைத் தூர்த்துச் சமப்படுத்திய இடம். அதைக் கவனிக்கும் பொறுப்பேற்றுக் கடலூரிலிருந்து வந்தாள் ஆரோக்கிய அனிதா. வந்த சில நாளிலேயே வடக்கு மூலை அவள் கண்ணை உறுத்தியது.

மார்கழிக் கூட்டத்தில் கார்கள் இடமின்றி ரோட்டில் நிற்கும்போதும் அந்த மூலை காலியாகவே கிடந்தது. வண்டிகளுக்கு இடம் காட்டும் தங்கராசு எதையும் அங்கே விடுவதில்லை. யாருக்கோ பிடித்து வைக்கிறான் என்று அனிதா சந்தேகப்பட்டாள். கேட்டால் முகத்தைப் பார்க்காமல், "தரை சரியில்ல மேடம்" என்பான். அவளே போய் மிதித்துப் பார்த்தாள். தரை கல்லாக இருந்தது.

அன்று சாயங்காலம் தூறல். பண்ருட்டியிலிருந்து இளவரசு என்பவர் மனைவியோடும் மாமியார் ராஜாமணியோடும் வந்தார். வேறு இடமில்லை. அனிதா முன்னால் நடந்துபோய் வடக்கு மூலையைக் காட்டினாள். மற்ற இருவரும் கோயிலுக்குப் போக, முழங்கால் வலியால் ராஜாமணி மட்டும் காரிலேயே இருந்துவிட்டார்.

தங்கராசு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அந்தம்மாவத் தனியா வுடாதீங்க மேடம்."

"ஏன், என்னா இருக்குது அங்க?"

அவன் விறுவிறுவென்று கேட் பக்கம் போய்விட்டான். எதையோ மறைக்கிறான்.

வெளிச்சம் மங்கியதும் அனிதா குடையோடு மூலைக்குப் போனாள். கிட்டே போகப் போகச் சேற்று வாடை அடித்தது. கூடவே, அழுகிய அல்லித் தண்டின் வாடை. காரின் கண்ணாடிகளில் உள்பக்கமாக நீராவி பூத்திருந்தது.

உள்ளே இரண்டு தலைகள் தெரிந்தன.

முன் சீட்டில் ஒன்று. பின்னாலிருந்து அதன் காதருகே குனிந்தபடி இன்னொன்று.

தட்டினாள். ராஜாமணி கதவைத் திறந்தார்.

"யார்கிட்டம்மா பேசிக்கிட்டிருக்கீங்க?"

"மழையில நனைஞ்சுபோயி ஒரு பொண்ணு ஏறிக்கிச்சும்மா. ஒங்க வூட்டுக்கு வரட்டுமான்னு கேக்குது. பாவம், நடுங்குது."

பின் சீட்டில் யாருமில்லை.

சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின் கதவுகள் உள்ளே பூட்டியிருந்தன.

ராஜாமணி திரும்பிப் பார்த்தார். அவசரமாகக் காரிலிருந்து இறங்கத் தடுமாறினார். அனிதா அவரைத் தாங்கிப் பிடித்துக் கேட்டருகே இருந்த கொட்டகைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க," என்றாள் தங்கராசுவிடம்.

"எனக்கும் முழுசாத் தெரியாது மேடம். அங்க நிக்குற வண்டில ஒரு ஆள் ஜாஸ்தியா இருக்கும். நானே ஒருவாட்டி பாத்தேன். சொன்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவீங்கன்னு பயம்."

இளவரசு திரும்பி வந்தார். மாமியாரின் நடுக்கத்தைக் குளிர் என்றே நினைத்தார். கார் கேட்டைத் தாண்டும்போது அனிதா உள்ளே உற்றுப் பார்த்தாள்.

வந்த மூன்று பேர்தான் இருந்தார்கள்.

அவளுக்கு மூச்சு வந்தது. ரோட்டோரம் நின்ற தன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

பீப், பீப் என்று சத்தம். சீட் பெல்ட் விளக்கு சிவப்பாக மினுக்கியது. தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். மாட்டித்தான் இருந்தது.

மினுக்கியது பக்கத்துச் சீட்டுக்கான விளக்கு.

அந்தச் சீட்டில் ஒன்றுமில்லை. அவள் தலையைத் திருப்பாமல் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள்.

பக்கத்தில் 'டிக்'கென்று பெல்ட் மாட்டிக்கொள்ளும் ஓசை கேட்டது.

பீப் சத்தம் நின்றுவிட்டது.