கேஸ் வைத்த கண்

மருமகள் ஜாஸ்மியின் கால்கள் கலங்கிய தண்ணீருக்குள் இருப்பதுபோல மங்கலாகத் தெரிந்தன. அவளுக்குப் பின்னால் வந்து நின்ற இன்னொரு ஜோடிக் கால்கள் மட்டும் நகத்தடி அழுக்குவரை தெளிவாகத் தெரிந்தன.

ராஜபாய் கட்டிலில் குப்புறக் கிடந்தாள். நெஞ்சுக்கடியில் தலையணை. முகம் கட்டில் விளிம்புக்கு வெளியே, தரையைப் பார்த்து.

“கூட ஆருட்டி?”

“ஆரும் இல்ல மாமி. நான் மட்டுந்தான் வந்தேன். கஞ்சி குடிங்க.”

பொய் சொல்கிறாள் என்று வந்த கோபம், ஏற்கெனவே நெஞ்சில் கொதித்துக்கொண்டிருந்த கோபத்தோடு போய்ச் சேர்ந்தது. ராஜபாய்க்கு இடது கண்ணில் சிறுவயதிலிருந்தே பார்வை கிடையாது. வலது கண்ணில் புரை எடுக்கத்தான் நாகர்கோவிலுக்குப் போனாள். விழித்திரையின் நடுவில் ஓட்டை இருக்கிறது, அதை அடைக்கக் கண்ணுக்குள் கேஸ் குமிழி வைத்தால் புரை இன்னும் வேகமாக முற்றும், ஆகவே இரண்டையும் ஒரே ஆபரேஷனில் முடித்துவிடலாம் என்றார் டாக்டர். அவள் வாய் திறப்பதற்குள் மஸ்கட்டிலிருந்த மகன் எட்சன் போனிலேயே சரி சொல்லிவிட்டான். அதன்பிறகு, குமிழி ஓட்டையை அழுத்தியபடி இருக்க, இப்படிக் குனிந்தே கிடக்க வேண்டும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

“இருக்கது ஒத்தக் கண்ணு. அதுல ரெண்டு வேலையச் சேத்து செய்யச் சொல்ல அவன் ஆரு?” என்று தரையைப் பார்த்துக் கத்தினாள்.

மின்விசிறி சுழலும்போது எழுகிற கிறீச்சொலி, தேங்காய்ப்பட்டணத்துப் பக்கமிருந்து ஜன்னல் வழியே வந்த காற்றில் கருவாட்டு வாடை, தொண்டைக்குள் இறங்கும் சொட்டுமருந்தின் கசப்பு, எல்லாவற்றுக்கும் நடுவில் கண்ணுக்குள் தளும்பிக்கொண்டிருந்த கறுத்த விளிம்புள்ள குமிழி. ஜாஸ்மி போய்விட்டாள். அந்தக் கால்கள் போகவில்லை. வாசற்படியருகே நின்றன. நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததுபோல வெளுத்து, ஊறி, தோல் சுருங்கியிருந்தன.

ராஜபாய் அந்தக் கால்களைச் சொல்லியே கத்திக்கொண்டிருக்கவும், டாக்டருக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தாள் ஜாஸ்மி.

“கேஸ் கரையும்போது நிழல் மாதிரி ஏதாவது தெரியும்மா. குமிழி சின்னதாகச் சின்னதாக எல்லாம் போயிடும்” என்றார் டாக்டர்.

“நிழலுக்கு நகம் இருக்குமா?” என்று கேட்டாள் ராஜபாய். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை எரித்தது.

குமிழி சின்னதாகத்தான் ஆனது. கால்கள் கிட்டே வந்தன. வாசற்படியிலிருந்து அலமாரிக்கு. அலமாரியிலிருந்து கட்டிலுக்கு.

அவள் ஏசினாள். துப்பினாள். கைக்கெட்டிய காலி டம்ளரை எடுத்து வீசினாள். அது உருண்டுபோய் அந்தக் கணுக்காலில் மோதி நின்றது. ஸ்டீல் சத்தம் இல்லை. ஈரத்துணியில் மோதியதுபோல மெத்தென்ற ஒலி.

ஜாஸ்மி ஓடிவந்து டம்ளரை எடுத்தாள்.

“இதுல தண்ணியே இல்லியே மாமி. பின்ன எப்பிடி நனைஞ்சிது?”

முதன்முறையாக, ராஜபாயின் கோபத்துக்கு அடியில் வேறொன்று அசைந்தது.

ஒரு மத்தியானம் குமிழி கடுகளவுக்கு வந்திருந்தது. தரை துல்லியமாகத் தெரிந்தது. கால்கள் இல்லை. வாசலில் இல்லை. அலமாரியருகே இல்லை. கட்டிலடியிலும் இல்லை.

“மாமி, ஆஸ்பத்திரில இருந்து போன். இனி குனிஞ்சு கிடக்காண்டாமாம். தலையத் தூக்கலாமாம்” என்று அடுக்களையிலிருந்து ஜாஸ்மி கூப்பிட்டுச் சொன்னாள்.

ராஜபாய் கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள்.

பின்கழுத்தில் ஒரு கை விழுந்தது. கீழே அழுத்தியது.

“விடுட்டி.”

இன்னும் அழுத்தியது. குளிர்ச்சி. ஈரம். கழுத்து வழியே தண்ணீர் வழிந்து தரையில் சொட்டியது.

அப்போதுதான் ஜாஸ்மியின் கால்கள் அறைக்குள் வந்தன. அவள் கட்டிலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள்.

“அதான் தூக்கலாமுன்னு சொல்லியாச்சே மாமி. பின்னையும் ஏன் குனிஞ்சே கிடக்கிய?”

ராஜபாய் வாயைத் திறந்தாள். கோபம் வந்தது. குரல் வரவில்லை.

கழுத்திலிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் ஊர்ந்து, வலது கண்ணின் இமையைத் தேடின.