கூப்பிட்டால் வருவன

குசினிக்குள் சமையல் மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள் நின்றன. கடையில் வாங்குகிறவை, மூடி உடைக்காதவை, பிளாஸ்ரிக் உறை சுற்றி ஒரு கட்டாக. கொழும்பிலிருந்து ரயிலில் வந்த களைப்போடு பையை இறக்கி வைத்த உதயகலா அவற்றைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். கோப்பாயில் கிணறு உள்ள வீட்டுக்குப் போத்தல் தண்ணீர்! அதுவும் சிவகரன் வாங்கியது. கலியாண வீடுகளில் போத்தலைத் தொடாமல் இருந்து, வீட்டுக்கு வந்து வாளியால் அள்ளி அண்ணாந்து குடித்துவிட்டு, "உதெல்லோ தண்ணி" என்று வயிறு நிறைந்து ஏவறை விடுகிற மனிதன் அவன்.

"என்னப்பா உது?"

"மாரி மழைக்குக் கிணறு கலங்கிப் போச்சு. கொஞ்ச நாளைக்கு உதைக் குடிப்பம்."

அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கையில் தந்தான். கலியாணம் கட்டிய நாள் தொட்டு, அவள் காய்ச்சலில் கிடந்தால் ஒழிய, அவன் அப்படிச் செய்ததில்லை. உதயகலா ஒரு மிடறு குடித்தாள். சீனி, சாயம், பால் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, ஆனாலும் இரண்டாவது மிடறு குடிக்கவில்லை.

அவள் பல்கலைக்கழக வளாகத்தில் விலங்கியல் படிப்பிப்பவள். நத்தை, நண்டு, அட்டை, புழு, பூச்சி, முதுகெலும்பு இல்லாத எதுவும் அவளுக்குச் சொந்தக்காரர் மாதிரி. யானைக்கும் சிறுத்தைக்கும் அழ ஊரெல்லாம் ஆட்கள், இதுகளுக்கு ஆர் இருக்கினம் என்று சண்டைக்கு நிற்பாள். வீட்டுப் பின்வளவுக் கிணற்றின் அடியில், சுண்ணாம்புக் கல் வெடிப்புகளுக்குள் வாழும் அந்த வெள்ளை இறால்களைக் கண்ட நாளில் அவள் சாப்பிடவே மறந்துபோனாள். நகத்தளவுதான் இருக்கும். உடம்பு கண்ணாடிபோல, குடல்கூடத் தெரியும். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். வெளிச்சமே இல்லாத நிலத்தடி நீரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து கண்ணைத் தொலைத்த சாதி. அயற்கிணறுகள் எல்லாம் தேடிவிட்டாள், கீரிமலைக் கேணி வரைக்கும் போய் வலை போட்டுப் பார்த்துவிட்டாள். வேறெங்கும் அவளுக்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

அவற்றைப் பிடித்துத் தந்தவன் சிவகரன்தான். அவளுக்குக் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்புப் படிகளில் இறங்கி, தண்ணீருக்குள் இடுப்பளவு நின்று, தேங்காய்ச் சிரட்டை ஒன்றால் கல்லில் தட்டுவான். டொக், டொக், டொக். "வாங்கோ பிள்ளையள்!" பிறகு சிரட்டையில் ஒட்டிய சோற்றுப் பருக்கைகளை உதிர்த்து விடுவான். ஆரம்பத்தில் வேடிக்கைக்குச் செய்தது. நாள்போக்கில் அவன் குரல் கேட்டாலே வெடிப்புகளுக்குள் இருந்து அவை வெள்ளை வெள்ளையாக வந்து, மீசைகளை எல்லாம் அவன் பக்கமே திருப்பிக்கொண்டு நிற்கும். கண் இல்லாததுகள் குரலை நம்பி வந்தன. அந்த நாட்களில்தான் உதயகலா அவனை மிகவும் விரும்பினாள்.

திங்கட்கிழமை, அவள் கொழும்புக்குப் போய்க் கண்டு கதைத்த வனவிலங்குத் திணைக்களத்து ஆட்கள் வருகிறார்கள். இறால்களை உயிரோடு கண்டால் கிணற்றையும் சுற்றியுள்ள காணியையும் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிப்பார்கள். காணி சிவகரனின் முதுசம், தகப்பன் வழி வந்தது. முழு மனதோடு ஓம் என்றவனும் அவன்தான், அவளுடைய உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தவனும் அவன்தான்.

தேத்தண்ணியை வைத்துவிட்டு அவள் பின்வளவுக்குப் போனாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பொழுதுபட முன்னமே இருட்டிக்கொண்டு வந்தது. வாழைச் சருகுகளில் நீர் சொட்டுகிற சத்தம் கேட்டது, ஒழுங்கையில் ஆரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போவது கேட்டது, தவளைச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. மாரி காலத்தில் காதைப் பொத்த வைக்கிற தவளைகள் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. மோட்டர்க் கொட்டிலில் ஆணியில் தொங்க வேண்டிய சிரட்டை கிணற்றுக்கட்டில் கிடந்தது. உள்ளே சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. அதை மூக்கருகே கொண்டுபோனாள். வெங்காயத் தோட்டங்களில் பூச்சிக்கு அடிக்கிற மருந்தின் நெடி உச்சந்தலை வரை ஏறியது.

கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஆரோ பானையோடு சோற்றைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். தண்ணீர் தெரியவில்லை. வெள்ளை, ஓரத்திலிருந்து ஓரம் வரை வெள்ளை. பிறகுதான் மீசைகள் தெரிந்தன.

கையிலிருந்த சிரட்டையைக் கட்டில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம். சிவகரன் வந்து நின்றான்.

"கூப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

அவன் சிரட்டையைப் பார்த்தான்.

"சொல்லுங்கோ. மருந்தை ஊத்த முந்திக் கூப்பிட்டனீங்களோ?"

"கூப்பிடாட்டி வெடிப்புக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு நிண்டிருக்குமெல்லே. ஒண்டு மிஞ்சினாலும் காணி போயிடும்." அவன் செருமிக்கொண்டான். "கலியாண மண்டபம் கட்டக் காணியை ஆக்கள் விலைக்குக் கேட்டவை. நான் சொல்லும் குடுத்திட்டன். பூச்சிதானேயப்பா, நீர் ஏன் உப்பிடி நிக்கிறீர்?"

"எனக்கும் சொல் தந்தனீங்கள்."

அவன் சிரட்டையை எடுத்து ஆணியில் மாட்டப் போனான், ஏதோ வீட்டைக் கூட்டி ஒதுக்குகிறவன் மாதிரி. வேறு ஆராவது செய்திருந்தால் கிணற்றடியில் விழுந்து புரண்டு அழுதிருப்பாள். இவனுக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் போய்ப் பின்கதவையும் முன்னறைக் கதவையும் சாத்தினாள்.

மழை அடித்துப் பெய்யத் தொடங்கியது. கரண்ட் நின்றது.

இருட்டுக்குள் நின்றபோதுதான் குழாய்களுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. அரிசி களைகிற சத்தம். மோட்டர் ஓடவில்லை, கரண்டும் இல்லை, ஆனாலும் சுவருக்குள் கீழிருந்து மேலே ஏதோ ஏறிக்கொண்டிருந்தது, சரசரவென்று, அவசரமில்லாமல், வழி தெரிந்ததுபோல. பைப் ஒருமுறை இருமியது. ரோச் லைற்றைத் தட்டிப் பிடித்தாள். பேசினில் ஒரு வெள்ளை இறால் கிடந்தது. செத்தது. வயிறு வெடித்துப் பாதி அழுகியிருந்தது.

அதன் மீசை அசைந்தது.

பக்கக் கதவால் முன்னறைக்கு வந்த சிவகரன் சாத்திய கதவுக்கு அப்பால் கதைத்துக்கொண்டிருந்தான். நியாயம் சொன்னான். அவனுக்கு எப்போதும் கதைக்க வேண்டும். "எங்கடை நன்மைக்குத்தானே செய்தனான்… கிணத்தை வைச்சு என்ன செய்யப் போறம்…" மீசை மெல்லத் திரும்பியது. முன்னறைப் பக்கம். அவன் நிறுத்தினான். மீசையும் நின்றது.

பைப்பிலிருந்து இன்னொன்று விழுந்தது. இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. தண்ணீர் போகிற ஓட்டைக்குள்ளிருந்தும், பின்கதவின் கீழ் இடைவெளியாலும், வெள்ளையாக, ஈரமாக. அவளுடைய கால்களைச் சுற்றிக்கொண்டு முன்னறைக் கதவின் கீழால் போயின. அவளைத் தொடவில்லை.

"இஞ்சாரும், கோவமோ?" என்றான் சிவகரன்.

எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின.

அவளுக்கு விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருங்கோ என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. போத்தல் கட்டு இருட்டில் மினுங்கியது. சிரட்டையில் ஒட்டிய பருக்கைகள் நினைவுக்கு வந்தன. பயப்படட்டும், கொஞ்சம் பயந்து சாகட்டும் என்று நினைத்தாள். கோபத்தில் எல்லாரும் நினைப்பதுதான். சொல்லவில்லை.

"இஞ்சாரும்… நிலமெல்லாம் என்னவோ ஊருது. ரோச்சைக் கொண்டு வாரும்."

கதிரை விழுந்தது.

"உதயா!"

சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"உதயா! எங்கை நிக்கிறீர்? ஒருக்காக் கதையுமப்பா! உத—"

அரிசி களைகிற சத்தம். நெடு நேரம்.

பிறகு மழை மட்டும்.

"என்னப்பா," என்று கதவைத் திறந்தாள். கதிரை கவிழ்ந்து கிடந்தது. அவனுடைய ஒற்றைச் செருப்பு. நிலம் முழுக்க ஈரம், முன்னறையிலிருந்து பக்கக் கதவால் பின்வளவுப் பக்கம் அகலமான ஈரக் கோடு. கடவுளே, நான் சாகச் சொல்லவில்லையே என்று அழுதாள். இப்போது அழுகை வந்தது. மழைக்குள் ஓடினாள்.

டொக், டொக், டொக்.

கிணற்றுக்குள்ளிருந்து. கல்லில் சிரட்டை.

"வாங்கோ பிள்ளையள்."

அவனுடைய குரல். உயிரோடு இருக்கிறான்! கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தலை சுற்றியது. சுற்றினால் சுற்றட்டும் என்று ரோச்சைக் கீழே பிடித்தாள். கடைசிப் படியில், இடுப்பளவு வெள்ளைக்குள், முதுகைக் காட்டிக்கொண்டு சிவகரன் நின்றான். நனைந்த தலை. சாரம் மடித்துக் கட்டியபடி. பழைய மாதிரியே.

"என்னப்பா…"

தட்டுவது நின்றது.

அவன் திரும்பி முகத்தை மேலே தூக்கினான். வெளிச்சம் நேராக விழுந்தும் இமைக்கவில்லை. இமைப்பதற்கு இமை இல்லை. கண் இருக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் வெறும் தோல், மழமழவென்று, பிறந்த நாளிலிருந்து அப்படியே இருந்தது மாதிரி. அவளுடைய விம்மல் வந்த பக்கம் அந்த முகம் மெல்லத் திரும்பியது. அவனைச் சுற்றியிருந்த வெள்ளை முழுவதும் அதே பக்கம் திரும்பியது. திறந்த வாய்க்குள்ளிருந்தும் மெல்லிய மீசைகள் நீண்டு வந்து அவளைத் தேடின.

"இஞ்சாரும்," என்றான் சிவகரன் அன்பாக. "இறங்கி வாரும்."

சோற்றுப் பருக்கைகள் ஒட்டிய சிரட்டையை அவளுக்கு நீட்டினான்.