நோவுமானி

கம்பெனிப் பேருந்து வந்து நிற்கும் இடத்தில் பரிமளா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்க். அதில் ஓமம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் இருந்தது. மூடியைத் திறக்கவே இல்லை. இரண்டு கைகளாலும் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, மணிக்கட்டில் இருந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளையத்தில் மஞ்சள் எரிந்தது.

“கொண்டுவந்ததைக் குடிக்க வேண்டியதுதானே புள்ள? எதுக்கு இந்தப் பாடு படறே?” என்றாள் கனகமணி.

“குடிச்சா அடங்கிருமுங்க்கா. அடங்கீட்டா பச்சைக்கு வந்துரும்.” பரிமளா பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “சித்த நேரம் பொறுத்தா செவப்பு ஆயிரும். லீவு கெடச்சதுமே குடிச்சுக்கறேன்.”

அவள் மட்டும் அப்படிச் செய்யவில்லை. மாதவிடாய் வந்த அன்று காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வரும் பெண்கள் இருந்தார்கள். வெந்நீர்ப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, வலி முற்றட்டும் என்று நின்றபடியே பயணம் செய்பவர்களும் இருந்தார்கள். எல்லாம் அந்தச் சிவப்புக்காகத்தான்.

நோவுமானி என்பது தொப்புளுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் ஒரு மெல்லிய தகடு. கருப்பைத் தசை எவ்வளவு கடுமையாக இறுகுகிறது, இறுகியபடியே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அது படித்து, மணிக்கட்டு வளையத்துக்குச் சொல்லும். பச்சை என்றால் வழக்கமான வேலை. மஞ்சள் என்றால் உட்கார்ந்து செய்யும் வேலை. சிவப்பு என்றால் சம்பளத்தோடு விடுப்பு. திருப்பூரில் முதன்முதலாக அதை வாங்கவைத்தது கனகமணிதான். ஒரு காலத்தில் அவள் மாதவிடாய் வலி தாங்காமல் தையல் மெஷின்மேல் மயங்கி விழுந்தபோது, முகத்தில் தண்ணீர் தெளித்த சூப்பர்வைசர், “நல்லாத்தான் நடிக்கறே” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தையை அவளால் விழுங்க முடியவில்லை. சங்கத்தில் சேர்ந்தாள், செயலாளர் ஆனாள். இப்படி ஒரு கருவி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், அதை வாங்கும்வரை வேலைக்கு வரமாட்டோம் என்று பெண்களைத் திரட்டிக் கம்பெனி வாசலில் உட்காரவைத்தாள்.

பிறகு அது எங்கும் பரவியது. சிவப்பு வளையத்தைக் கண்டால் பேருந்தில் ஆண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். மருமகள் கையைப் பார்த்துவிட்டு மாமியாரே அடுப்பைப் பற்றவைத்தாள். நாளாக நாளாக, உடம்பு எப்படி இருக்கிறது என்று எந்தப் பெண்ணையும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மணிக்கட்டைப் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு மேலாளர் தண்டபாணி கனகமணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உட்காருங்கம்மா. நான் மறைச்சுப் பேச விரும்பல. இந்தப் பொண்ணுக வலியை வேணும்னே வளத்துக்கிட்டு வர்றாங்க. முதலாளி, அந்தக் கருவியே வேண்டாம், எடுத்துப் போடுங்கறார்.”

“எடுத்தா நாங்க மறுபடியும் வாசல்ல உட்காருவோம்.”

“உட்காருவீங்க. ஆனா இந்தத் தடவை உங்க பேச்சை யாரு நம்புவா? பஸ் ஸ்டாப்புல மூடின பிளாஸ்க்கோட உட்கார்ந்திருக்கறதை ஊரே பார்க்குது.”

அவர் சொன்னது பொய்யில்லை. கனகமணி சொன்னாள்: “வீட்டுலயே கைவைத்தியம் பண்ணிப் பார்க்கட்டும். அப்பறமும் செவப்பா இருந்தா மட்டும் லீவு. செவப்பு இல்லாம என்ற ஆளுங்க ஒருத்தரும் லீவு கேட்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

“வார்த்தை மாறக் கூடாது.”

“மாறாதுங்க.”

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் பெண்களைக் கூட்டி அவளே செய்துகாட்டினாள். துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, சூட்டை முதலில் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அடிவயிற்றில் ஒத்தடம் கொடுக்க வேண்டும். சூடு பட்டால் இறுகிய தசை தளரும், ரத்தம் ஓடும். இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரோ ஓமத் தண்ணீரோ வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் படுக்கலாம். இடுப்பில் நல்லெண்ணெய் தேய்த்து மெதுவாக நீவிவிடச் சொல்லலாம். முடிந்தால் கொஞ்சம் நடக்கலாம். முணுமுணுத்தார்கள், ஆனாலும் செய்தார்கள். பலருக்கு நிஜமாகவே வலி தணிந்தது. அடுத்த மாதம் பரிமளா சிரித்துக்கொண்டே பேருந்தில் ஏறி, “வலிக்கவிட்டு உட்கார்ந்தது எவ்வளவு கிறுக்குத்தனமுங்க்கா” என்றபோது கனகமணிக்கு மனம் நிறைந்தது. சிவப்பு வளையங்கள் குறைந்தன. தண்டபாணி அவளைக் கண்டால் வணக்கம் சொல்லத் தொடங்கினார்.

கனகமணிக்கு ஒரே மகள். மதிவதனி என்று பெயர், வதனி என்று கூப்பிடுவார்கள். அப்பா இறந்த பிறகு படிப்பை விட்டுவிட்டு அம்மா வேலைசெய்யும் கம்பெனியிலேயே தையலுக்குச் சேர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். காய்ச்சலோடு வேலைக்குப் போய்விட்டு வந்து, மறுநாள் சொல்லுகிற ரகம்.

அந்த வதனி ஒருநாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அம்மா, இன்னைக்கு என்னால முடியாதுங்மா.”

“தூரம் நேத்தே வந்துருச்சல்ல? இன்னைக்குக் கொறையோணுமே.”

“இது அந்த வலியாட்ட இல்லீங்மா. வலப்பக்கம் மட்டும் புடிச்சுத் திருகற மாதிரி இருக்குது. திடீர்னு வந்துச்சு.”

கனகமணி மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். மஞ்சள். அவளைப் பாயில் படுக்கவைத்து, வெந்நீர் காயவைத்து, துண்டை முக்கிப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள். இஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். வதனி இரண்டு வாய் குடித்துவிட்டு அப்படியே வாந்தியெடுத்தாள். கனகமணி தரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஒத்தடம் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வளையம் பச்சைக்கு மாறியது.

“பாரு, அடங்கிருச்சு.”

“அடங்கலீங்மா.”

“பச்சை எரியுது கண்ணு.”

“எரியட்டும். எனக்கு வலிக்குதுங்மா.”

தகடு சரியாக ஒட்டவில்லையோ என்று கனகமணி அதை உரித்து, இடத்தைத் துடைத்து மறுபடியும் ஒட்டினாள். பச்சைதான் எரிந்தது. மகள் பொய் சொல்லுகிறாள் என்று அவள் நினைக்கவில்லை. பயந்துபோய்க் கொஞ்சத்தைப் பெரிதாக நினைக்கிறாள் என்றுதான் நினைத்தாள். கூடவே இன்னொன்றும் ஓடியது. சிவப்பு இல்லாமல் விடுப்பு கேட்ட முதல் ஆள் செயலாளரின் மகளாக இருந்தால் தண்டபாணி சும்மா இருப்பாரா? அத்தனை பெண்களுக்கும் கிடைத்தது இவள் ஒருத்தியால் போய்விடாதா?

“சாயந்தரம் வரைக்கும் சமாளிச்சுக்கோ சாமி. மஞ்சள்கூட இல்லாம நான் எப்படி அந்தாளு முன்னால போய் நிப்பேன்? நாளைக்கும் இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

வதனி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து தலை சீவினாள்.

பேருந்தில் உட்கார இடமில்லை. வதனி கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி வளைந்து நின்றாள். இருக்கையில் இருந்த ஒருத்தி நிமிர்ந்து அவள் மணிக்கட்டைப் பார்த்தாள்; பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் நின்ற கனகமணியும் அதைக் கவனித்தாள். அவளுக்கு அது தப்பாகத் தோன்றவில்லை.

வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வதனி ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்தாள். பெண் சூப்பர்வைசர் ஓடிவந்து அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். “பச்சைதான். சாப்பிடாம வந்திருப்பா, பசி மயக்கம்” என்று சொல்லி, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, துணிக்கட்டுகளுக்கு நடுவில் படுக்கவைத்தாள். தேநீர் இடைவேளையில்தான் வேறு பிரிவில் இருந்த கனகமணிக்குச் செய்தி வந்தது. அவள் ஓடிவந்து மகளை மடியில் எடுத்தபோது வதனியின் நெற்றி ஐஸாக இருந்தது. சட்டை முழுக்க வியர்வை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“ஆட்டோவைக் கூப்பிடுங்க! யாராச்சும் ஆட்டோவைக் கூப்பிடுங்க!” என்று கனகமணி அலறினாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து டாக்டர் வெளியே வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. சின்ன வயதுப் பெண். களைப்போடு பெஞ்சில் கனகமணி பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“உயிருக்குப் பயமில்லைம்மா. வலது சினைப்பையில ஒரு கட்டி இருந்திருக்கு. அந்தக் கனத்துல சினைப்பை அப்படியே முறுக்கிக்கிச்சு. ரத்தம் போற குழாயும் சேர்ந்து திருகிப்போச்சு. நாங்க பார்க்கும்போது கறுத்துட்டுது. எடுக்க வேண்டியதாப் போச்சு. இடது பக்கத்துலயும் ஒரு சின்னக் கட்டி இருக்கு.”

“மெஷின் பச்சை காட்டுச்சுங்களே டாக்டர்?”

“அது கர்ப்பப்பைத் தசையை மட்டும்தான் பார்க்கும். ஒத்தடம் குடுத்திருப்பீங்க, அது தளர்ந்திருக்கும், பச்சையும் வந்திருக்கும். மாசாமாசம் வர்ற வலிக்கு ஒத்தடம் நல்லதுதான். இது வேற வலி. ஒத்தடத்துக்கும் இஞ்சிக்கும் அடங்காது.” டாக்டர் சற்று நிறுத்திக் கேட்டாள். “ஒரு பக்கமா வலிக்குதுன்னு சொன்னாளா? வாந்தி எடுத்தாளா?”

“சொன்னா. எடுத்தா.”

“எப்போ?”

“காலைல. வீட்டுல.”

டாக்டர் கனகமணியின் கையை ஒருமுறை தொட்டுவிட்டு எழுந்து போனாள். காலையிலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கனகமணி கேட்கவில்லை. கேட்கும் தைரியம் அவளுக்கு அதன் பிறகும் வரவில்லை.

வதனி தேறினாள். வீட்டில் எல்லாம் முன்போலவே பேசினாள். மழை வரும்போல இருக்கிறது, தண்ணீர் லாரி வந்துவிட்டது, இப்படி. கனகமணி மகளுக்குச் சோறு ஊட்டினாள், கால் பிடித்துவிட்டாள். ஒருநாள், “கண்ணு, அன்னைக்கு நான்...” என்று ஆரம்பித்தாள். “விடுங்மா, சோறு ஆறுது” என்றாள் வதனி. அதற்குமேல் அந்தப் பேச்சு தொடரவில்லை.

வதனி மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கிய வாரத்தில் கனகமணி சங்கக் கூட்டத்தைக் கூட்டினாள். சாப்பாட்டுக் கூடம் நிறைந்திருந்தது. தன் வளையத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினாள்.

“இதை வாங்கிக் குடுத்தது நான்தான். நானே சொல்றேன், இது நமக்கு வேண்டாம். என்ற புள்ள வலிக்குது வலிக்குதுன்னு சொன்னா. நான் அவ மூஞ்சியைப் பார்க்கல, கையைப் பார்த்தேன். சூப்பர்வைசரும் கையைத்தான் பார்த்தா. பஸ்ல நீங்க எல்லாரும் கையைத்தான் பார்த்தீங்க. வலிக்குதுன்னு ஒருத்தி சொன்னா அது போதும்னு இருக்கோணும். இதைத் தூக்கிப் போட்டுட்டு அதைக் கேட்போம்.”

பரிமளா தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“வதனிக்கு நடந்ததை நெனச்சா எங்க எல்லாத்துக்கும் மனசு ஆறலீங்க்கா. ஆனா இதைத் தூக்கிப் போட்டா மறுபடியும் மேனேஜர் மூஞ்சியைப் பார்த்து அழுகோணும். வாய்ல சொன்னா அவரு நம்புவாருங்களா? நீங்க மயங்கி விழுந்ததையே அன்னைக்கு நம்புனாங்களா?”

“சினைப்பையையும் பார்க்கற மாதிரி புதுசா ஒண்ணு வருதாம்” என்றாள் இன்னொருத்தி. “அதைக் கேட்டு வாங்குவோம்க்கா. இருக்கறதை விட்டுரக் கூடாது.”

ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில், கருவி இருக்கட்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கனகமணியே சொன்னாள். கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. எல்லாவற்றிலும் விளக்குகள், பெரும்பாலும் பச்சை, அங்கங்கே மஞ்சள். அவள் எண்ணவில்லை, எண்ணத் தேவையும் இல்லை. பார்வை ஜன்னலோரம் போனபோதுதான் கவனித்தாள். வதனியின் கையும் உயர்ந்திருந்தது.

எல்லோரும் கலைந்து போகும்வரை கனகமணி மேசை அருகிலேயே நின்றாள். வதனி நாற்காலிகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீயுமா கண்ணு? உன்னை அந்தக் கதிக்குக் கொண்டுபோய் விட்டதே அதுதானே?”

வதனி திரும்பினாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

“அதுக்கு என்ற வயித்துல ஒரு இடந்தானுங்மா தெரியும். தெரியாததைச் சொல்லிக் குடுத்தா அடுத்த தடவை செவப்பு காட்டிரும்.” கையிலிருந்த நாற்காலியை அடுக்கின்மேல் வைத்தாள். “ஆனா உங்ககிட்ட நான் வாயைத் தொறந்து சொன்னேனுங்மா.”

வெளியே பேருந்து ஹாரன் அடித்தது. வதனி அம்மாவின் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.