மீன் கிடங்கில் ஒரு லினக்ஸ் கொலை

டூனா மீன்களுக்கு நடுவே பனி படிந்து கிடந்தார் டார்மாஜி!

இந்தோனேசியாவின் சுரபாயா துறைமுகத்தில் பாதிக் குளிர்கிடங்குகள் அவருடையவை. அதில் ஒன்றே அவருக்குச் சவப்பெட்டி ஆகிவிட்டது. அவர் உள்ளே இருக்கும்போது, யாரோ கம்ப்யூட்டர் வழியாகக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள்!

மேலதிகாரிக்கு அவசரம். வயசான வாசல் காவலாளி சுகெங்கைப் பிடித்து லாக்கப்பில் தள்ளிவிட்டார். சாயங்காலத்துக்குள் கொலை வழக்குப் பதிவாகிவிடும்.

'அந்தக் கிழவருக்கு டிவி ரிமோட்டையே சரியாப் பிடிக்கத் தெரியாதே, மடையா!'

மேலதிகாரியை மனசுக்குள் திட்டிக்கொண்டே கிடங்கு அலுவலகத்துக்குள் நுழைந்தாள் இன்ஸ்பெக்டர் ரெத்னோ.

அங்கே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான் பாகஸ். கம்பெனியின் கம்ப்யூட்டர் நிபுணன். பூட்டு மென்பொருளை எழுதியவன். உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் முட்டாள் என்கிற எரிச்சல் முகத்தில் அப்பியிருந்தது.

"பூட்டுன கட்டளை உன் பேர்லதான் போயிருக்கு, தம்பி."

"எவனோ என் பாஸ்வேர்டைத் திருடிட்டான். ஈபு, மெதுவாவே சொல்றேன், புரியுதா பாருங்க. பூட்டு மென்பொருள் லினக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துல மட்டும்தான் ஓடும். அந்த நேரத்துல நான் இந்த லேப்டாப்ல, விண்டோஸ்ல, ஜகார்த்தாக்காரங்களோட வீடியோ மீட்டிங்ல இருந்தேன். எல்லாரும் சாட்சி!" 'ஈபு' என்றால் அம்மா; மரியாதை அந்தச் சொல்லில் மட்டும்தான் இருந்தது.

"ரெண்டும் இதே லேப்டாப்லதானே இருக்கு?"

"ஐயோ... டூயல் பூட், ஈபு! டிஸ்கை ரெண்டாப் பிரிச்சு ஆளுக்கு ஒரு பங்கு. ஆன் பண்றப்போ எது வேணும்னு கேக்கும். ஒண்ணு முழிச்சா இன்னொண்ணு தூங்கும். மாத்தணும்னா மீட்டிங்கை விட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணணும்!"

ரெத்னோவுக்கு ஓங்கி ஒன்று விடலாம் போல வந்தது. விடவில்லை. கொட்டாவிதான் விட்டாள்.

"எங்க ஸ்டேஷன் டைப்பிஸ்ட் வுலான், விர்ச்சுவல் மெஷின்னு ஏதோ போட்டு ரெண்டையும் ஒண்ணா ஓட்டுறாளே?"

"சே! சோம்பேறிங்க வேலை அது. விண்டோஸுக்குள்ள ஒரு பொம்மை லினக்ஸ். ஆமை வேகம்! நிஜமான ஆளுங்க பிரிச்சுத்தான் போடுவாங்க."

"சும்மா அளக்காதே. உனக்கு ஒண்ணா ஓட்டத் தெரியல, அதான் பிரிச்சுப் போட்டிருக்கே. டார்மாஜிகூட உன்னை 'ரிப்பேர்காரன்'னுதான் கூப்பிடுவாராமே?"

பாகஸின் காது சிவந்தது.

"தெரியாதா...? எனக்கா?"

"வேணும்னா வுலானை வரச் சொல்றேன். பொறுமையாச் சொல்லித் தருவா."

அவ்வளவுதான்! லேப்டாப்பை வெடுக்கென்று இழுத்தான். எங்கேயோ ஒளித்து வைத்திருந்த எதையோ திறந்தான்.

விண்டோஸ் திரையின் நடுவே ஒரு சதுரம் விரிந்தது. அதற்குள்... லினக்ஸ்!

"பாத்துக்குங்க! தனியாப் பிரிச்சு வெச்ச அதே லினக்ஸ்! ரீஸ்டார்ட் பண்ணாம விண்டோஸுக்குள்ளேயே எழுப்பிட்டேன். வேணும்னா தனியா ஓடும், வேணும்னா சேர்ந்து ஓடும். சுரபாயாவுல இதைச் செய்யத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்!"

"ஒருத்தன்தானா?"

"ஒரே ஒருத்தன்!"

"நல்லதாப் போச்சு. ரெண்டு பேர் இருந்தா எனக்கு அலைச்சல்."

பாகஸுக்கு அப்போதுதான் உறைத்தது. பாய்ந்து மூடப் போனான். ரெத்னோ மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இரு! இதுக்கு முன்னால நீ எப்போ எழுப்பினேன்னு இங்கேயே பதிஞ்சிருக்கே... டார்மாஜி உள்ளே போன அதே மதியம்! வாயால மீட்டிங் பேசிக்கிட்டே கையால கதவைப் பூட்டியிருக்கே!"

"அந்தாளு... எல்லார் முன்னாலயும் என்னை ரிப்பேர்காரன்னான்!"

"அதுக்கு ஒரு உயிரா? அசிங்கமா இல்ல?"

அருவருப்போடு அவன் கையை உதறிவிட்டு ஸ்டேஷனுக்கு போன் போட்டாள்.

"சுகெங்கை உடனே வெளியே விடுங்க. சூடா ராவோன் சூப் வாங்கிக் கொடுத்து வீட்டுல கொண்டுபோய் விடுங்க."

விலங்கு மாட்டும்போது பாகஸ் முனகினான்.

"ஈபு... லாக்கப்புல தனி அறை கிடைக்குமா?"

"ஒரே அறை, ஒரே பாய். ஏற்கெனவே ஒரு பிக்பாக்கெட் படுத்திருக்கான். மாத்தி மாத்திப் படுப்பீங்களோ, ஒண்ணாப் படுப்பீங்களோ... நிபுணன் நீதானே, முடிவு பண்ணிக்கோ!"