பதினாறு பக்கத் திட்டம்

சுமிரே அந்தப் பயணக் கையேட்டை எழுதி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

மே மாத விடுமுறையில் ஏழுதீவு என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதென்று பிப்ரவரியிலேயே முடிவாகியிருந்தது. சுமிரேயின் அப்பா ஜப்பானில் நீகாத்தா ஊரில் அரிசி பிஸ்கட் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். தொடர்ந்தாற்போல் மூன்று நாள் விடுப்பு அவருக்குக் கிடைப்பது அபூர்வம். அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. பகல் முழுக்கத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும்.

"எந்த அவசரமும் இல்லாம, நிதானமா ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்" என்றார் அப்பா.

நிதானமாக இருக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்துவிட வேண்டும் என்று சுமிரே நினைத்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு படித்தாள். பென்சில் பெட்டியில்கூட எந்தப் பென்சில் எங்கே இருக்க வேண்டும் என்று அவளிடம் ஒரு கணக்கு உண்டு.

தினமும் பள்ளி விட்டு வந்ததும், பூங்காவின் இணையப் பக்கத்தைத் திறந்து எந்தச் சவாரிக்கு எவ்வளவு நேரம் வரிசை நிற்கிறது என்று குறித்துக்கொண்டாள். உணவகத்தில் மேசை பிடிக்கும் பதிவு ஒரு மாதம் முன்னால், காலை பத்து மணிக்குத் திறக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது ஐம்பதுக்கே அம்மாவின் கைபேசிமேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் பதினாறு பக்கம் வந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்குக் கொடுப்பார்களே, அதுபோலவே அட்டை போட்டு, படம் வரைந்து, நான்கு பிரதி எடுத்தாள். வகுப்பாசிரியை அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் வகுப்பின் பின்சுவரில் மாட்டி வைத்தார். அந்த வாரம் முழுக்க சுமிரே சற்று நிமிர்ந்தே நடந்தாள்.

ஒன்பதாம் பக்கத்தில் இப்படி இருந்தது: '12.00 முதல் 12.25 வரை மதிய உணவு. பேச்சைக் குறைத்து மெல்லவும்.' பதினொன்றாம் பக்கத்தில், '2.10 முதல் 2.18 வரை ஓய்வு.'

"எட்டு நிமிஷத்துல எப்படிம்மா ஓய்வெடுக்கிறது?" என்று அப்பா கேட்டார்.

"வேகமா உட்கார்ந்தா முடியும்ப்பா" என்றாள் சுமிரே.

அந்த நாள் வந்தது. புல்லட் ரயிலில் முந்தின நாளே வந்து இறங்கி, காலை ஏழு மணிக்கெல்லாம் பூங்காவின் வாசலில் நின்றார்கள். கதவு திறந்ததும், ஐந்தாம் பக்கத்தில் போட்டிருந்தபடியே ஓடினார்கள். முதல் இரண்டு சவாரிகள் சொன்ன நேரத்துக்கு முடிந்தன. சுமிரே பென்சிலால் அவற்றின் பக்கத்தில் வட்டம் போட்டாள்.

பத்தே காலுக்குக் குடும்பம் மூன்றாகப் பிரிய வேண்டும். அப்பா, திமிங்கில வடிவ டப்பாவில் தரும் சோளப்பொரிக்கு வரிசையில் நிற்க வேண்டும். அம்மா, பூங்காவின் அலங்கார ஊர்வலம் போகும் வழியில் விரிப்பை விரித்து இடம் பிடிக்க வேண்டும். சுமிரேயும் ஆறு வயதுத் தம்பி கோஹெய்யும் ஆமைச் சவாரிக்குப் போக வேண்டும். அது குழந்தைகளுக்கான மெதுவான சவாரிதான். நான்காம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஒருவர் கூட இருந்தால் போதும்.

பிரிவதற்கு முன்னால் அப்பா கோஹெய்க்கு ஒரு பெரிய குவளை முலாம்பழ சோடா வாங்கிக் கொடுத்தார். அது கையேட்டில் இல்லை. ஆனாலும் சுமிரே பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

ஆமைச் சவாரியின் வாசலில் எண்பது நிமிடம் என்று பலகை சொன்னது. குகைபோல் கட்டிய கூடத்துக்குள், கயிறுகளுக்கு நடுவே வரிசை வளைந்து வளைந்து போயிற்று. சுவரெல்லாம் மீன்கள். எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு மணி நேரம் நின்றிருப்பார்கள்.

"அக்கா, ஒண்ணுக்கு வருது" என்றான் கோஹெய்.

சுமிரே கையேட்டைப் பார்த்தாள். "இன்னும் இருபது நிமிஷம்தான்டா. இப்போ வெளிய போனா மறுபடி கடைசியில நிக்கணும். சாப்பாட்டு மேசையும் போயிடும். அடக்கிக்கோ."

கோஹெய் தலையாட்டினான். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பையன் அவன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய பையின் வாரைப் பிடித்து இழுத்தான். கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான். பெரிய பையன்தானே, சுவரில் எத்தனை மீன் இருக்கிறது என்று எண்ணு, அதற்குள் வந்துவிடும் என்றாள் சுமிரே. அவன் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான். நாற்பத்தொன்று வரை எண்ணினான். பிறகு எண்ணுவது நின்றுவிட்டது. மூன்றாம் முறை அவன் எதுவும் கேட்கவில்லை.

சுமிரே திரும்பிப் பார்த்தபோது, கோஹெய்யின் காலணியைச் சுற்றி சாம்பல் நிறத் தரை கறுத்துப் பரவிக்கொண்டிருந்தது. அவனுடைய கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது.

வரிசையில் இருந்தவர்கள் சட்டென்று விலகினார்கள். ஒரு சின்னப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அதற்குள் நிறையப் பேர் எட்டிப் பார்த்தார்கள்.

சுமிரேக்கு முகமெல்லாம் சுட்டது. சரியாக அப்போது முன்னால் வரிசை நகர்ந்தது. அவளும் ஓர் அடி முன்னால் வைத்தாள். ஒரே ஓர் அடிதான். பிறகு தலையைத் தூக்கி, நேரம் காட்டும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள், தனியாக வந்தவள்போல.

பின்னால் நின்ற பள்ளிச் சீருடை அணிந்த பெரிய அக்கா ஒருத்தி கோஹெய்யின் முன்னால் குனிந்து உட்கார்ந்து பேசுவது காதில் விழுந்தது.

"தம்பி, பரவாயில்ல, பயப்படாத. நீ யாரோட வந்த?"



"யாரோடயும் இல்ல. தனியா வந்தேன்" என்றான் கோஹெய்.

ஆறு வயதுப் பையனால் இவ்வளவு தூரம் தனியாக வர முடியாது. அது அவனுக்கே தெரியும். ஆனாலும் அவன் "அக்கா" என்று கூப்பிடவில்லை.

சுமிரே திரும்பினாள்.

"அவன் என் தம்பி" என்றாள். குரலே எழும்பவில்லை. பெரிய அக்காவுக்குக் கேட்கவில்லை போலும், "என்ன?" என்றாள். சுமிரே மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த முறை அது குகை முழுக்கக் கேட்டது.

பெரிய அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. தள்ளி நின்று வழி விட்டாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சுமிரேக்கு.

தன் மேல்சட்டையைக் கழற்றித் தம்பியின் இடுப்பில் கட்டினாள். தரை துடைக்கும் துடைப்பத்தோடு வந்த ஊழியர் ஓர் இளைஞர். இந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு ஒரு நாளைக்கு நான்கு பேராவது இப்படி ஆகிவிடுகிறார்கள் என்றார். உடை மாற்றிக்கொண்டு இன்றைக்கே திரும்பி வந்தால் பக்கவாசல் வழியாக நேரே உள்ளே விடுவதாகச் சொல்லி ஓர் அட்டையும் கொடுத்தார். சுமிரே அதை இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து வணங்கினாள். குனிந்த தலையை நிமிர்த்த அவளால் முடியவில்லை.

வந்த வழியே, அத்தனை பேரையும் தாண்டி, "மன்னிச்சிடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே தம்பியை வெளியே கூட்டி வந்தாள்.

மருத்துவ அறையில் மாற்றுக் கால்சட்டை கொடுத்தார்கள். அவன் அளவில் இல்லை. இருந்ததெல்லாம் திமிங்கிலப் படம் போட்ட, தொளதொளவென்ற ஒன்றுதான். கோஹெய் அதை இடுப்பில் பிடித்துக்கொண்டே நடந்தான்.

வெளியே ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுமிரே அந்தக் கால்சட்டையை அவன் இடுப்பில் மடித்துவிட்டாள்.

"நான் உன்னைத் தெரியாத மாதிரி நின்னேன்" என்றாள்.

"தெரியும்."

"பின்ன ஏன்டா தனியா வந்தேன்னு சொன்ன?"

"உனக்கு வெக்கமா இருந்துச்சுல்ல" என்றான் கோஹெய், திமிங்கிலங்களைத் தடவிக்கொண்டே.

சுமிரேயின் கண்ணில் நீர் முட்டியது. தம்பி பார்க்காதபடி துடைத்தாள். பிறகு, பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். "மன்னிச்சிடுடா" என்றாள். அவன் "ம்" என்றான்.

சற்று யோசித்துவிட்டு, "அம்மாகிட்ட சோடா கொட்டிடுச்சுன்னு சொல்லலாமா?" என்று கேட்டான்.

"சரி. ஆனா நான் பண்ணினதை நான் சொல்லியாகணும்."

கோஹெய்க்கு இது கொஞ்சம் சிக்கலாக இருந்தது. நெற்றியைச் சுருக்கினான். "அப்போ உன்னோடதை நீ சொல்லு. என்னோடது சோடா" என்று தீர்ப்புச் சொன்னான்.

சுமிரே தன்னிடம் கொடுத்துவைத்திருந்த கைபேசியில் அழைத்ததும் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். சோடா கொட்டிய கதையைக் கோஹெய் சொன்னான். பிறகு சுமிரே, எல்லாரும் பார்த்தபோது தான் அவனை யாரோபோல விட்டுவிட்டு நின்றதைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. கடைசி வார்த்தைகள் அவளுக்கே கேட்டிருக்காது.

அம்மா ஈரத் துணி இருந்த பையை வாங்கிக்கொண்டாள். அதைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"சோடாக் கறையை உடனே அலசிடணும், இல்லேன்னா போகாது" என்று சொல்லிப் பையை இறுக்கி முடிந்தாள். பிறகு சுமிரேயின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

அப்பாவும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலது காலணியைக் கழற்றினார். குதிகாலில் பெரிய கொப்புளம் ஒன்று உடைந்திருந்தது.

"எப்போ வந்துச்சுப்பா?"

"காலையில ஓடினோம்ல, அப்போ" என்றார் அப்பா. "அஞ்சாம் பக்கத்துல ஓடணும்னு போட்டிருந்துச்சே."

அம்மாவின் கழுத்து வெயிலில் சிவந்திருந்தது. விரிப்பை விட்டு நகரக் கூடாது என்று ஏழாம் பக்கத்தில் எழுதியது சுமிரேக்கு நினைவு வந்தது. அடிக்கோடு வேறு போட்டிருந்தாள். மூன்று மாதம் எழுதிய கையேட்டைப் புரட்டினாள். பதினாறு பக்கத்தில் ஓரிடத்தில்கூடக் கழிப்பறை என்ற வார்த்தை இல்லை. அவள் அதை மூடிப் பைக்குள் அடியில் தள்ளினாள்.

சாப்பாட்டு மேசையின் நேரம் தாண்டிவிட்டது. நூடுல்ஸ் வாங்கி அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பா அப்படியே சாய்ந்து ஐம்பது நிமிடம் தூங்கினார். ஊழியர் கொடுத்த அட்டையைக் காட்டி, இப்போதே போகலாமா என்று சுமிரே கேட்டபோது கோஹெய் வேண்டாம் என்றான். நாளைக்குத்தான் வருவானாம், தன் சொந்தக் கால்சட்டையில்.

மாலையில் விடுதிக்குத் திரும்பியதும் சுமிரே ஒரு புதுத் தாளை எடுத்தாள். திட்டமே வேண்டாம், நாளைக்கு எப்படி வருகிறதோ அப்படிப் போகலாம் என்றாள் அம்மா. ஆனால் அந்தக் கூட்டத்தில் அப்படிப் போனால், சோறு வாங்கவே அரை நாள் ஆகிவிடும் என்று சுமிரேக்குத் தெரியும். மூன்று மாதமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் இந்த முறை முதலில் ஒவ்வொருவரிடமும் போய், நாளைக்கு ஒரே ஒரு விஷயம்தான் என்றால் என்ன வேண்டும் என்று கேட்டாள். அப்பாவுக்குக் கப்பல்கள் தெரியும் இடத்தில் உட்கார வேண்டும். அம்மாவுக்குக் குதிரை ராட்டினம். இத்தனை நாளும் அம்மா அதைச் சொன்னதே இல்லை, சுமிரேயும் கேட்டதில்லை. கோஹெய்க்கு ஆமைச் சவாரி.

பிறகு பூங்காவின் வரைபடத்தை விரித்து, கழிப்பறைகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டாள். பத்தொன்பது இருந்தன. நிழலில் இருக்கும் பெஞ்சுகளுக்கு நீலம். சாப்பாட்டுக்குக் கூட்டம் வருவதற்கு முன்பே, பதினொரு மணிக்குப் போவதென்று எழுதினாள். எழுத்து குறைவுதான், யோசனைதான் அதிகம்.

"எத்தனை பக்கம்?" என்று அப்பா கொஞ்சம் பயத்தோடு கேட்டார்.

"அரைப் பக்கம்" என்றாள் சுமிரே.

மறுநாள் யாரும் ஓடவில்லை. ஆமைச் சவாரிக்குப் போகும் முன் எல்லாரையும் ஒரு சிவப்பு வட்டத்துக்குக் கூட்டிப்போனாள். கோஹெய் போய்வந்தான். அப்பா போய்வந்தார். அம்மா போய்வந்தாள். அதுவரை சுமிரே நான்கு பேரின் பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

பலகையில் எழுபது நிமிடம். நால்வரும் சேர்ந்தே நின்றார்கள். அப்பா கதை சொன்னார். நேரம் போனதே தெரியவில்லை. சவாரிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சுமிரே பேசுவதை நிறுத்தினாள். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள். மறுபடி மாற்றினாள்.

கோஹெய் அவளை உற்றுப் பார்த்தான்.

"அக்கா, உனக்கு வருதா?"

"இல்லயே."

"வருது."

"இன்னும் பத்து நிமிஷம்தான்டா" என்றாள் சுமிரே மெல்ல.

"நேத்து நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றான் கோஹெய்.

அப்பாவையும் அம்மாவையும் இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்து வரிசையில் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தான்.

"கொஞ்சம் வழி விடுங்க, எங்க அக்காவுக்கு அவசரம்" என்று ஒவ்வொரு வளைவிலும் மறக்காமல், தெளிவாக, உரக்கச் சொன்னான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுமிரேக்குக் காது நுனி வரை சிவந்துவிட்டது. தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவன் பின்னாலேயே நடந்தாள்.