மண்டோர் முன்னால் ஒரு மூச்சு

"ஏண்டி, புருஷன் வேலைக்குக் கிளம்பி நிக்கிறான்... வெத்தலை எங்கே?"

மாமியார் அலமேலம்மாள் குரல் கொடுத்தால் அந்த வரிசை வீடுகளில் சேவலுக்கு வேலையில்லை. பாக்கியம் அடுப்பை விட்டு எழவில்லை.

"இன்னிக்கு மடிக்கலை அத்தை."

வாசலில் நின்ற தங்கராஜு பல்லைக் கடித்தான். படகுத்துறை ஜெட்டியிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை டிராம் வண்டி ஓட்டுகிறவன் அவன். காலையில் டிராம் கொட்டகையில் மேஸ்திரியான மண்டோர் சின்னையா ஒவ்வொரு ஓட்டுநரையும் தன் முகத்துக்கு நேரே ஊதச் சொல்வார். மூச்சில் வாடை இல்லையென்றால்தான் வண்டியை ஓட்டும் கைப்பிடியைக் கொடுப்பார். முந்தின ராத்திரி குடித்த சம்சுச் சாராயம் நாறாமலிருக்க, கிராம்பும் ஏலக்காயும் சாதிக்காயும் வைத்து மடித்த வெற்றிலை வேண்டும். ஆறு மாதமாக அதை மடித்துக் கொடுத்த புண்ணியவதி பாக்கியம்தான்.

"வெளையாடாதே பாக்கியம்... மண்டோர் மோந்து பார்ப்பார்லா!"

"பார்க்கட்டுங்க."

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. முந்தாநாள் அவன் ஓட்டிய டிராமில் அவளும் உட்கார்ந்திருந்தாள். பாசார் சந்தைக்கு எதிரே தண்டவாளத்தைக் கடந்த ஒரு கிழவியின் கூடையை வண்டி அடித்துக்கொண்டு போயிற்று. கிழவி ஒரு சாண் தள்ளி விழுந்து பிழைத்தாள். தங்கராஜு மணிகூட அடிக்கவில்லை! வீட்டுக்கு வந்து கேட்டால், "கெழவியாவது கூடையாவது... கனவு கண்டியா?" என்று சிரித்தான். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

அன்று அவன் வெறும் வாயோடு போனான், அகப்பட்டான். ஒரு மாதம் கைப்பிடி கிடையாது. வண்டி கழுவ வேண்டும், தினமும் ஊதிக் காட்ட வேண்டும்.

அலமேலம்மாளுக்குச் சம்சு ஒரு பொருட்டே இல்லை. ஆம்பிளை என்றால் உடம்பு வலிக்குக் கொஞ்சம் குடிப்பான், அவ்வளவுதான். வெற்றிலை கொடுக்காமல் புருஷனை அனுப்பினாளே, அதுதான் அவள் மனதை அறுத்தது. "தாலியைக் கழட்டி வெச்ச மாதிரில்ல இருக்கு! என் புள்ளையைச் சபிச்சு அனுப்பிட்டியேடி, பாவி..." என்று நாள் தவறாமல் புலம்பினாள். பாக்கியம் சம்பளம் குறைந்த வீட்டுக்காக நாலு வீடுகளுக்கு அம்மியில் மசாலா அரைத்தாள். மிளகாய் எரிச்சலில் ராத்திரி கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். சத்தியம் செய்துவிட்டாளே... காரணத்தை எப்படிச் சொல்வாள்?

மாதம் முடிந்த அன்று மாமியார் தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னிக்கு அவன் கைக்குக் கைப்பிடி வந்துரும். இனி நீ எதுக்கு? புக்கிட் மெர்தாஜாமுல உன் அண்ணன் இருக்கான்ல, போ."

பாக்கியம் இரண்டு சேலைகளை மூட்டை கட்டினாள். அவள் படியிறங்கும்போது தங்கராஜு வந்துவிட்டான். அவ்வளவு சீக்கிரம் அவன் வந்ததே இல்லை.

"கைப்பிடி குடுத்தாங்களா ராசு?"

"மண்டோர் நீட்டினாரு... நான் வாங்கலைம்மா. இன்னும் ஒரு மாசம் கழுவுறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"பைத்தியமாடா உனக்கு!"

"பைத்தியம் அப்போ இருந்துச்சும்மா. ஒரு கெழவியை மோத இருந்தேன். இவ பார்த்துச் சொன்னா, நான் பொய்யின்னேன். உங்கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான். மொத நாளு வண்டி கழுவுறப்போ முன்னால இருக்கிற இரும்பு வலையில கூடைப் பிரம்பு சிக்கியிருந்துச்சு... அன்னிக்கே தெரிஞ்சிருச்சும்மா. தெரிஞ்சும், நீ இவளைத் திட்டினப்போ எல்லாம் வாயை மூடிக்கிட்டு நின்னேன். என் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு... ஆனா அந்தம்மாவை நான் பார்க்கவே இல்லை!"

அலமேலம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். "பாசாருக்கு நானும் அந்த வழியாத்தானடா கூடை தூக்கிட்டுப் போறேன்..." என்றாள் மெதுவாக.

தங்கராஜு மனைவியைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் அவள் சிவந்த கைகளைப் பார்த்தான்.

"பாக்கியம்... போறதுன்னா போ. தடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. போறதுக்கு முன்னால ஒரு உதவி. அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாதே... உனக்கு முகம் ஞாபகம் இருக்கா? போய் மன்னிப்புக் கேக்கணும்."

ஒரு மாதமாக அழாத பாக்கியம் அப்போதுதான் அழுதாள். "இருக்குங்க... பாசார்லதான் கீரை விக்கிறாங்க. காலு இன்னும் நொண்டுது. வாங்க, நான் காட்டுறேன்."

இருவரும் தெருவில் இறங்கினார்கள். பின்னாலேயே அலமேலம்மாள் தட்டுத்தடுமாறி ஓடிவந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

"இருடி... நானும் வரேன். அவ கால்ல முதல்ல விழ வேண்டியவ நான்தான். உன் கால்ல விழுந்தா நீ விடமாட்டியே, என் தாயே!"