நீலவானம் 91

நாமக்கல் பேருந்து நிலையத்தின் மதிப்புப் பலகையில் அன்று காலையும் நீலவானம் பள்ளிக்கு 91, செங்காந்தள் பள்ளிக்கு 64 என்றுதான் எரிந்துகொண்டிருந்தது. செங்காந்தளின் தலைமையாசிரியை பூங்கோதை காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்காமலே பார்த்தாள். ஏழு வாரமாக இதே வழக்கம். பார்க்காமல் போனால் அன்றைக்கு முழுக்க வேறு நினைப்பு வராது, பார்த்துவிட்டாலும் வராது.

முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படத்தைப் போட்டு ஊரெங்கும் பேனர் கட்டிய காலம் போய்விட்டது. இப்போது எல்லோர் மணிக்கட்டிலும் மனப்பட்டை இருந்தது. ஒரு பள்ளியின் பெயர் காதில் விழும்போதோ நினைவில் வரும்போதோ உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை அது அளந்து அனுப்பிவிடும். வாய் எதைச் சொன்னாலும் நாடித்துடிப்பை மாற்றிக் காட்ட முடியாது. ஊராரின் துடிப்புகளைக் கூட்டி வகுத்து வந்ததுதான் அந்த எண். ஆசிரியர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்பதால் அவர்கள் துடிப்புக்குப் பத்து மடங்கு எடை. எண்ணைப் பார்த்துத்தான் பெற்றோர் பிள்ளையைச் சேர்த்தார்கள்.

முப்பது வருடம் செங்காந்தள்தான் முதல். நீலவானம் ஆறு வருடத்துப் பள்ளி. கோழிப்பண்ணைக் கொட்டகையைத் திருத்திக் கட்டியது. அதை நடத்தும் மரகதவல்லி செங்காந்தளில் பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். துணைத் தலைமையாசிரியை பதவி கேட்டு வந்தபோது, நிர்வாகம் பார்க்கிற சாமர்த்தியம் உனக்குப் போதாது என்று சொல்லி அனுப்பியவள் பூங்கோதையேதான்.

அதுதான் அவளை அரித்தது. நீலவானத்துப் பேருந்து எதிரில் வந்தால் எத்தனை பிள்ளைகள் நின்றுகொண்டு வருகிறார்கள் என்று எண்ணினாள். ஒரு கல்யாண வீட்டில் மரகதவல்லியைச் சுற்றிப் பெண்கள் கூடி நின்றதைக் கண்டு பந்தியில் உட்காராமலே கிளம்பினாள். ஆசிரியர் அறையிலும் இதே பேச்சு. அங்கே அப்படியாமே, இங்கே இப்படி என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பலகையில் ஏதோ மோசடி நடக்கிறது என்று அவள் மனு எழுதிப் போட்டாள். அளவை அலுவலகத்திலிருந்து திருமூர்த்தி என்ற பொறியாளர் வந்து இரண்டு நாள் கருவியோடு உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"மோசடி ஒண்ணுமில்லீங்க மேடம். யாரோட துடிப்புன்னு நாங்க சொல்லக் கூடாது. எந்த எடத்துல இருந்து வருதுன்னு மட்டும் சொல்லலாம். நீலவானத்துக்கு ஊர்லயே பலமான துடிப்பு வர்றது இந்த வளாகத்துல இருந்துதானுங்க."

கேலி செய்கிறாரோ என்று நினைத்தாள். அவர் பொறுமையாக விளக்கினார். மதிப்பு வந்தாலும் பொறாமை வந்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் துடிக்கிறது. பட்டைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

"பெத்தவங்களுக்கும் அதேதானுங்களே. பக்கத்து வீட்டுப் புள்ள சேந்த எடந்தான் நல்ல பள்ளிக்கூடம்," என்றார் திருமூர்த்தி.

தன் வயிற்றெரிச்சலைச் சேர்த்துச் சேர்த்து அவள் மரகதவல்லிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அந்தப் பெயர் நினைவுக்கு வந்து நெஞ்சு படபடத்தது. நினைக்காமல் இருக்க முடியாது என்றானபின், அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று நேரில் பார்த்துவிடக் கிளம்பினாள்.

மரகதவல்லி வாசலுக்கே ஓடிவந்தாள். எல்லா வகுப்புக் கதவையும் திறந்து காட்டினாள். ஏழாம் வகுப்பில் ஒரு டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு அழித்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். கூரையில் ஒழுகிய தடம். செங்காந்தளில் பார்க்காத ஒன்றையும் பூங்கோதை அங்கே பார்க்கவில்லை. இவ்வளவுதானா என்று தோன்றியது. திரும்பும் வழியில் நீலவானத்துப் பேருந்து எதிரே வந்தபோது அவள் எண்ணவில்லை.

சிக்னலில் நிற்கும்போதுதான் அடுத்த யோசனை வந்தது.

சனிக்கிழமை தன் ஐம்பத்திரண்டு ஆசிரியர்களையும் பேருந்தில் ஏற்றி நீலவானத்தைப் பார்க்க அழைத்துப் போனாள். பழைய சகாக்கள் தன்னைத் தேடி வந்ததில் மரகதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்டலும் டீயும் கொடுத்து, ஒரு அறை விடாமல் சுற்றிக் காட்டினாள். ஆசிரியர்கள் ஒழுகிய தடத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பும்போது பேருந்தில் சிரிப்பும் பாட்டுமாக இருந்தது.

மூன்றே வாரத்தில் நீலவானம் 57க்கு இறங்கியது. எண் இறங்கியதும் பெற்றோரின் துடிப்பும் அடங்கியது. ஜூனில் செங்காந்தளின் வாசலில் விண்ணப்பத்துக்கு வரிசை நின்றது, எண் 88.

அந்த வரிசையை ஒதுங்கிக் கடந்து ஒருநாள் மரகதவல்லி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்னே தெரியலீங்க மேடம். அதே டீச்சருங்க, அதே பாடந்தான். நூத்தி நாப்பது புள்ளைங்க போயிருச்சு. இங்க எப்படி நடத்தறீங்கன்னு ஒரு நாள் வகுப்புல உக்காந்து பாத்துட்டுப் போறனுங்களே. கத்துக்கறேன்."

பூங்கோதை அந்த முகத்தைப் பார்த்தாள். ஏழு வாரம் முகம்பார்க்கும் கண்ணாடியில் அவள் பார்த்த தன் முகமேதான். அதற்குள் இருப்பதுதான் தன்னுடைய எண்பத்தெட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. வகுப்பறைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது போய்விடும் என்பதும் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாயெடுத்தாள்.

"இப்ப அட்மிஷன் நேரம், மரகதம். அப்புறம் பாக்கலாம்," என்றாள். தோளில் கைபோட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

அன்று மாலையே வாசலின் கம்பிக் கதவுக்குத் தகரம் அடிக்கச் சொன்னாள். மறுநாள் பிள்ளையை விட வந்த பெற்றோர் சிலர் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அந்த வாரம் எண் 93 ஆனது.

தீபாவளிக்குள் ஊரின் மற்றப் பள்ளிகளும் விஷயத்தைப் புரிந்துகொண்டு தகரம் அடித்துவிட்டன. நீலவானம் மட்டும் திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பதால் யாரும் போகவில்லை.